ஐந்தாம் குழிக்கு ஒரு பெயர்

வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். நாற்பதைத் தொட்ட பெண்ணை அப்படிக் கூப்பிடுவது செல்லமா, குத்தலா என்று கேட்டால் கூப்பிட்டவர்களுக்கே தெரியாது. வேலை செய்கிற இடத்தில் கொஞ்சம் மரியாதை உண்டு. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, வட்டமாக வரும் லென்ஸை ஃபிரேமுக்குத் தக்கபடி இழைத்துப் பொருத்துவது அவள் வேலை. தூளும் தண்ணீரும் கலந்த வெள்ளைச் சேறு நாள் முழுக்க நகக்கண்ணில் ஏறிக்கொண்டே இருக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அண்ணி ஒரு பழைய பல் பிரஷை எடுத்து நீட்டுவாள், நகத்தைத் தேய்த்துக்கொள்ள. அந்த வீட்டில் கேட்காமல் பாப்பாவுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

அண்ணன் பெயர்ப்பலகை எழுதுகிறவன். தெருவே அவனை ஆர்டிஸ்ட் என்றது. எழுத்துக்கு நிழல் வைப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நாக்கு விஷயத்திலும் அப்படித்தான். ஒரு சமயம் பணக்காரர்கள் கோல்ஃப் ஆடும் கிளப் ஒன்றில், குழிக்குக் குழி பெயர் எழுதி நடும் வேலை அவனுக்கு வந்தது. புல்லில் கால் வைக்கக் கூடாது, ஓரமாகவே நடக்க வேண்டும் என்று அங்கிருந்த மேனேஜர் சொல்லிவிட்டாராம். வேலை முடிந்து திரும்பும்போது, வேலிக்கு வெளியே விழுந்து கிடந்த பந்துகளை ஒரு பை நிறையப் பொறுக்கிக்கொண்டு வந்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டுக் கொல்லையில் ஒரு கோல்ஃப் மைதானம் முளைத்துவிட்டது.

மைதானம் என்றால் என்ன, கொல்லையே நாலு கட்டில் போட்டால் நிறைந்துவிடும். மாப் கட்டையின் நுனியில் மரத்துண்டை வைத்து ஆணியடித்தால் மட்டை. காலி பெயிண்ட் டப்பாவை வாய் வரைக்கும் மண்ணில் புதைத்தால் குழி. வழியில் உடைந்த ஏணி, பாதியாக வெட்டிய டயர், கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் பேசின். ஆறு குழிகள். துணி காயப் போடும் கொடி இடைஞ்சல் என்று கழற்றி எறியப்பட்டது. அன்றிலிருந்து அண்ணி ஈரத்துணியைச் சுமந்துகொண்டு மொட்டை மாடிக்கு ஏறினாள். இதையெல்லாம் பார்த்தால் வேடிக்கையாகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிரிப்புச் சத்தம் தெருமுனை வரை கேட்கும்.

அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்பதுதான் சங்கதி. ஆர்டிஸ்ட் ஒவ்வொரு குழிக்கும் பெயர் வைத்தான், ஒவ்வொன்றும் யாராவது ஒருவருடைய அவமானம். முதல் குழி, லைசென்ஸ் டெஸ்டில் தோற்றுக்கொண்டே இருந்த மாடி வீட்டுக் குமாஸ்தாவுக்கு. வளைந்து வளைந்து போகும் பாதை, பக்கத்தில் பலகை: ‘மூன்று முறை பெயிலான டிரைவர்’. மூன்றாவது குழி, அண்ணனின் சிநேகிதனான வழுக்கைத்தலை மெக்கானிக்குக்கு. கவிழ்த்த பேசின் மேல் பந்து ஏறி வழுக்கிக்கொண்டே இருக்கும். அதற்கு ‘முடி வளரும் தைலம்’ என்று பெயர். எல்லாம் மஞ்சள் எழுத்து, கறுப்பு நிழல். யாருக்கு வைத்தார்களோ அவர்களும் சிரித்தாக வேண்டும். முகம் சுளித்தால், ‘தமாஷ் தெரியாத ஜென்மம்’ என்று இன்னொரு பட்டம் கூடுதலாகக் கிடைக்கும்.

ஐந்தாவது குழி பாப்பாவுடையது. இரண்டு பக்கமும் வெட்டித் திறந்த பெரிய எண்ணெய்த் தகரம் படுத்துக் கிடக்கும். பந்து முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் வெளியேறி, சுவர் ஓரத்தில் இருக்கும் குழியில் விழ வேண்டும். லேசில் விழாது. கொஞ்சம் சாய்த்து அடித்தால் வெளியே வந்த பந்து சரிவில் உருண்டு சாக்கடைக்கு ஓடிவிடும். வேகம் கூடினால் சுவரில் மோதி, தகரத்துக்குள்ளேயே திரும்பி வந்து அடித்தவர் காலடியில் நிற்கும். பலகையில் எழுதியிருந்தது: ‘ஓடிப்போன மாப்பிள்ளை’.

பல வருஷத்துக்கு முன்னால் அவள் கல்யாணத்தன்று காலையில், பிளேடு வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு மண்டபத்துச் சமையல்கட்டு வழியாகப் போன மாப்பிள்ளை இன்றுவரை பிளேடு வாங்கிக்கொண்டிருக்கிறான். புதிதாக யார் ஆட வந்தாலும் அண்ணன் அதை நடித்தே காட்டுவான். பூனை மாதிரி நடப்பான், சுற்றும் முற்றும் பார்ப்பான், பின்வாசலில் குனிந்து நழுவுவான். பந்து பொறுக்கிக் கொடுக்கிற பாப்பா கையில் பந்தோடு நின்று சிரிப்பாள். சிரித்துச் சிரித்து அந்தச் சிரிப்பு அவள் முகத்தில் தழும்பு மாதிரி ஒட்டிக்கொண்டுவிட்டது.

இப்படியே ஓடியிருக்கும். ஆனால் வேன்காரர் வாயைத் திறந்தார்.

மொத்த வியாபாரியிடமிருந்து கடைக்கு லென்ஸ் பெட்டி கொண்டு வருபவர் அவர். மனைவியை இழந்தவர், பிள்ளை குட்டி இல்லை. பெட்டியை மேஜை மேல் பஞ்சு மூட்டை போல மெல்ல வைப்பார். பாப்பாவை ‘மேடம்’ என்பார். வேறு யாரும் அவளை அப்படிச் சொன்னதில்லை. ஒருநாள் பெட்டியை வைத்துவிட்டு நகராமல் நின்றார்.

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வந்து அண்ணன்கிட்ட பேசலாமா?”

“எதைப் பத்தி?” என்று கேட்டாள், தெரிந்துகொண்டே.

“லென்ஸைப் பத்தி இல்ல” என்றார்.

அன்று அவள் ஒரு லென்ஸைத் தலைகீழாகப் பொருத்திவிட்டாள். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாள். சொன்ன பிறகுதான் பலகை நினைவுக்கு வந்தது. வந்தவர் கொல்லைக்குப் போவார், பலகையைப் படிப்பார், அண்ணன் பூனை நடை நடப்பான். ஒருத்தன் தாண்டிப் போன பெண் என்று தெரிந்தால் இன்னொருத்தனுக்கு என்ன தோன்றும்? வேண்டாம் என்று விட்டுப்போனவளிடம் ஏதோ குறை இருக்கத்தான் செய்யும் என்றுதானே? அவர் வருவதற்குள் பலகை இறங்க வேண்டும். அவளுக்கு அப்போது உலகத்தில் வேறு கவலையே இல்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அண்ணனிடம் கேட்டாள்.

“அண்ணா, அந்த அஞ்சாவது போர்டை மட்டும் எடுத்திடேன். வெளியாளு ஒருத்தர் வராரு.”

“ரூல்ஸ்னா ரூல்ஸ்தான் பாப்பா. ஒரே அடியில குழியில போடு, போர்டை இறக்கு. ஆனா குழி பேரில்லாம இருக்கக் கூடாது. வேற யாருக்காவது வைக்கணும். கேட்டதும் எல்லாரும் சிரிக்கணும். சிரிப்பு வரலேன்னா பழைய பேரே நிக்கும்.”

“எனக்கு ஆடவே தெரியாதே.”

“அப்ப போர்டு பத்திரமா இருக்கும்” என்று சொல்லிவிட்டுத் தட்டைத் தள்ளினான்.

மறுநாள் விடிந்தும் விடியாமல் கொல்லையில் மட்டையோடு நின்றாள். முதல் நாள் பந்து தகரத்துக்குள் நுழையவே இல்லை. சத்தம் கேட்டு அண்ணி எழுந்து வந்தாள். கூந்தலை முடிந்துகொண்டே பார்த்தாள். சாக்கடைக்குப் பக்கத்தில் போய்ப் பந்தைத் தடுக்கக் காலை வைத்து நின்றாள்.

அதற்குப் பிறகு தினமும் இரண்டு பேரும். பாப்பா அடிப்பாள், அண்ணி பந்தைத் தடுத்து உருட்டிவிடுவாள். அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்தால் ஓடுவாள், அணைத்துவிட்டுத் திரும்பி வருவாள். “மெல்ல அடி, அதுக்கு ஒண்ணும் அவசரமில்ல” என்பாள். அந்தக் காலை நேரங்களில்தான் பாப்பா அண்ணியை உட்கார்ந்து பேசுகிற மனுஷியாகப் பார்த்தாள். அதுவரைக்கும் அண்ணி என்றால் அடுப்பு, துணி, மாடிப்படி.

ஒருநாள் பந்து சுவரில் மோதித் திரும்பி வந்து பாப்பாவின் காலடியில் நின்றது. அண்ணி அதைப் பார்த்துச் சிரித்தாள்.

“நானும் இப்படித்தான் ஒரு தடவை.”

“எப்படி?”

“போன வருஷம் வீட்டை விட்டுக் கிளம்பிட்டேன் பாப்பா. பையில நாலு புடவை. பஸ் ஸ்டாண்டுல போய் உக்காந்தேன். யாராவது தேடி வருவாங்கன்னு பாத்தேன். ஒரு பஸ்ஸு போச்சு, அடுத்ததும் போச்சு. பொழுது சாயற வரைக்கும் உக்காந்திருந்தேன். அப்புறம் நானே திரும்பி வந்துட்டேன். உங்க அண்ணன் பேப்பர்ல இருந்து தலையத் தூக்காம, காபி ஆறிப் போச்சு, வேற போடுன்னாரு. நான் போனதே யாருக்கும் தெரியல.”

“எனக்கும் தெரியலையே அண்ணி” என்றாள் பாப்பா.

“நீ கடையில இருந்த. சரி, இதை வெளிய விட்றாத. சிரிப்பா சிரிச்சிடும்.”

பாப்பா தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

வேன்காரர் வருவதற்கு முந்தின ஞாயிறு. குமாஸ்தா, அவர் மனைவி, வழுக்கை மெக்கானிக் எல்லோரும் கொல்லையில். ஐந்தாம் குழி வந்ததும் பாப்பா, “நான் ஒரு அடி அடிக்கட்டுமா?” என்றாள். அண்ணன் அரசன் மாதிரிக் கையை நீட்டி மட்டையைக் கொடுத்தான். அண்ணி சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள்.

பந்து தகரத்துக்குள் உருண்டு போனது. கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு டப்பாவுக்குள் ‘டொக்’ என்றது.

முதலில் கைதட்டியது அண்ணிதான். கண்ணில் தண்ணீரோடு தட்டினாள்.

அண்ணனுக்கு முகம் மாறியது. ஆனாலும் தூரிகையையும் வெள்ளையடித்த புதுப் பலகையையும் எடுத்து வந்தான். “சரி, மகாராணி. யாரு பேரை எழுதணும்?”

பாப்பா அதைப் பற்றி நிறைய யோசித்து வைத்திருந்தாள். ஆறு குழியில் ஒரு குழிகூட அவன் பெயரில் இல்லை என்பது அவளுக்குத் தெரியாதா?

“புல்லுல கால் வைக்கக் கூடாத ஆர்டிஸ்ட்” என்றாள்.

நல்ல பெயர்தான். நியாயமான பெயரும்கூட. ஆனால் யாரும் சிரிக்கவில்லை. மெக்கானிக் முதலில் அண்ணன் முகத்தைப் பார்த்தான். குமாஸ்தா அண்ணனுக்கு வாடகை கொடுக்கிறவர், அவர் தரையைப் பார்த்தார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்களே, அதேதான். அண்ணன் தூரிகையை டப்பாவின் விளிம்பில் தட்டினான்.

“ஒரு சிரிப்புச் சத்தமும் கேக்கலையே. அப்ப ஓடிப்போன மாப்பிள்ளையே இருக்கட்டும்” என்று பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு திரும்பினான்.

அவன் இரண்டடி வைத்துவிட்டான். வாசற்படி தாண்டினால் முடிந்தது, அடுத்த ஞாயிறு அவர் வந்து நின்று படிப்பார். யாரைச் சொன்னால் இவர்கள் சிரிப்பார்கள்? பயப்படாமல் சிரிக்கிற மாதிரி, தன்னைவிடவும் கீழே, இந்த வீட்டில் யார் மிச்சம்?

“திரும்பி வந்த பொண்டாட்டி” என்றாள்.

அண்ணன் நின்றான். “யாரு?”

சொன்னாள். நாலு புடவையைச் சொன்னாள், போன பஸ்களைச் சொன்னாள், ஆறிப்போன காபியைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே கதை சொல்லும் லாவகம் வந்துவிட்டது. யாருடைய தங்கை? பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பஸ்ஸை எட்டி எட்டிப் பார்ப்பதை நடித்தும் காட்டிவிட்டாள்.

மெக்கானிக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். குமாஸ்தாவின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்தினாள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அண்ணன்.

“ஏய், எப்ப போன? எனக்கே தெரியாதே! சொல்லிட்டுப் போயிருந்தா டிபன் கட்டிக் குடுத்திருப்பேனே!”

அதற்கு இன்னும் ஒரு தரம் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தாள். உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்ட அந்தச் சிரிப்பைப் பாப்பாவுக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அவள் தன் முகத்தில் மாட்டிக்கொண்ட அதே சிரிப்பு. அதைப் பார்த்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. இது என் முகத்தில் இல்லை என்று நிம்மதிதான் வந்தது. மனுஷ ஜென்மம் அவ்வளவுதான்.

அந்த வாரம் முழுக்க அண்ணி ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. சாயங்காலம் பல் பிரஷ் மட்டும் நீளவில்லை. பாப்பா மன்னிப்புக் கேட்க இரண்டு தடவை சமையல்கட்டுக்குப் போய், தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினாள். கல்யாணம் முடிவானதும் நிதானமாகக் காலில் விழுந்துகொள்ளலாம் என்று தள்ளி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வேன்காரர் சலவைச் சட்டையில் வந்தார். ஆர்டிஸ்ட் அவரை நேரே கொல்லைக்கே கூட்டிப் போனான். அவர் பலகைகளைப் படித்துப் படித்துச் சிரித்தார். ஐந்தாவது பலகையில் எழுத்து இன்னும் பளபளத்தது. கதையைக் கேட்டுவிட்டு, “ஐயோ, செம சார்! யாரு வெச்ச பேரு?” என்றார்.

“எல்லாம் நம்ம பாப்பா மூளைதான்.”

அவர் பாப்பாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மெச்சுதல் இருந்தது. எதை மெச்சினாரோ அதுதான் அவளுக்குக் கொஞ்சம் உறுத்தியது. உறுத்தலை விழுங்கிக்கொண்டாள்.

“ஏய், டீ எங்க?” என்று அண்ணன் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். பதில் இல்லை. பாப்பா போய்ப் பார்த்தாள். பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது. அடுப்பு துடைத்திருந்தது. அண்ணியின் செருப்பு இல்லை. பீரோவில் ஒரு தட்டு முழுக்கக் காலி. இந்தத் தடவை நாலு புடவை இல்லை, எல்லாம்.

கொல்லைக்கு ஓடி வந்து அண்ணன் காதில் சொன்னாள். அவன் காதோடு வைத்துக்கொள்ளவில்லை.

“கேட்டீங்களா? மறுபடியும் பஸ் ஸ்டாண்டாம்! பொழுது சாயட்டும், தானா வந்திடுவா. போர்டுலயே எழுதியிருக்கே!”

வேன்காரர் சிரித்தார், நடுவில் நிறுத்திக்கொண்டு, “யாராவது போய்ப் பாக்க வேண்டாமா சார்?” என்றார்.

யாரும் அசையவில்லை. பாப்பாவுக்குப் பஸ் ஸ்டாண்டு தெரியும், ஓட்டமும் நடையுமாகப் போனால் பிடித்துவிடலாம். போனால் இவர் பேச வந்த பேச்சு நின்றுபோகும். வீட்டில் ஏதோ ரகளை என்று நினைப்பார், எழுந்து போவார், திரும்பி வருவாரோ மாட்டாரோ. இத்தனை வருஷம் கழித்து வந்த ஒரு ஞாயிறு. அண்ணிதான் சாயங்காலம் வந்துவிடுவாளே? போன தடவை வந்தாளே?

“நான் டீ போட்டு எடுத்துட்டு வரேன்” என்றாள்.

டீ நன்றாக இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள். வேன்காரர் ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் பேச வந்ததையும் பேசினார், யோசித்துச் சொல்கிறேன் என்றான் அண்ணன்.

பொழுது சாய்ந்தது. அண்ணி வரவில்லை. மறுநாளும் வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை. அண்ணன் தேடிப் போகவில்லை. தேடிப் போனால் பலகை பொய்யாகிவிடும் அல்லவா. ஒருநாள் கண்ணாடிக் கடைக்குப் போன் வந்தது. அண்ணிதான். வேறு ஊரில், ஒரு ஆஸ்பத்திரியின் துணி வெளுக்கும் பகுதியில் வேலையாம்.

“அண்ணி, என்னை மன்னிச்சிடுங்க” என்று பாப்பா ஆரம்பித்தாள்.

“நீ கெட்டதுதான் செஞ்ச. அதுல எனக்கு நல்லது நடந்துடுச்சு. நான் போனது தெரியாததாலதான் அவரு தேடலன்னு நெனச்சுட்டிருந்தேன். தெரிஞ்சாலும் தேடமாட்டாரு, சிரிப்பாருன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.” பிறகு, “உனக்குக் கல்யாணம் எப்போ?” என்றாள்.

“கடைக்கு ஆளு வந்திருக்கு அண்ணி” என்று பாப்பா போனை வைத்துவிட்டாள். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் அண்ணன் வேன்காரரைக் கூப்பிட்டு அந்தப் பேச்சைத் தள்ளிப் போட்டிருந்தான். தோளில் கை போட்டுக்கொண்டுதான் சொன்னான்.

“தப்பா நெனைக்காதே. வீட்டுல பொம்பள இல்ல. இவளும் போய்ட்டா நான் அடுப்பை எங்க போய்த் தேடுவேன்? கொஞ்ச நாள் போகட்டும். ஆனா நீ ஞாயித்துக்கிழமை ஆட வந்துடணும். உன் கை நல்ல கை.”

வேன்காரர் ஒன்றிரண்டு தடவை தலையைச் சொறிந்தார். எதிர்த்துப் பேசுகிற சுபாவம் அவருக்கு இல்லை. பெட்டியை மெல்ல வைக்கிற மனிதர், பேச்சையும் அப்படியே மெல்லக் கீழே வைத்துவிட்டார். ஆனால் அந்த விளையாட்டு அவருக்குப் பிடித்துப்போயிருந்தது. தனிக்கட்டைக்கு ஞாயிறு என்பது பெரிய பாலைவனம். அதனால் வந்தார், வாராவாரம் வந்தார். சொந்தமாக ஒரு மட்டைகூடச் செய்துகொண்டார். முதலில் ‘சார்’ என்றது ‘ஆர்டிஸ்ட் அண்ணே’ ஆயிற்று.

கடையில் ‘மேடம்’ என்பது மெல்ல நின்றது. கொஞ்ச நாள் எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாமல், பெயரும் முறையும் இல்லாமல் பேசினார். அவள் அதற்கே காத்திருந்தாள். முறை இல்லாதவரைக்கும் எதுவும் முடிந்துபோகவில்லை என்று வைத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிறு, அவள் சமையல்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் வெள்ளைச் சேறோடு கரியும் சேர்ந்திருந்தது. கொல்லையில் யாரோ நன்றாக அடித்திருக்க வேண்டும், ஒரே ஆரவாரம். வேன்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே வாசற்படி வரைக்கும் வந்தார். சிநேகிதன் வீட்டில் ஒரு மனிதன் எப்படி நடந்துகொள்ள வேண்டுமோ அப்படி, உள்ளே கால் வைக்காமல் மரியாதையாக நின்றார்.

“தங்கச்சி, எல்லாருக்கும் ஒரு டீ போடும்மா” என்றார்.

அவள் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டாள்.